தன்பாலீர்ப்புக்குச் செய்த ‘வைத்தியங்கள்’: என்ன செய்தார்கள், ஏன் பலிக்கவில்லை

கேள்வி இதுதான்: தன்பாலீர்ப்பை நோயாக நினைத்த காலத்தில் மருத்துவர்கள் அதைக் ‘குணப்படுத்த’ என்னென்ன செய்தார்கள்? அதில் ஏதாவது பலித்ததா? பலிக்கவில்லை என்றால் இத்தனை காலம் எப்படி ஓடியது?

நடுக்கேள்விக்குப் பதில் ஒரே சொல்: இல்லை. மற்ற இரண்டுக்கும் விரிவாகப் போக வேண்டும். அதற்கு முன் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். பாலுணர்வில் இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று வேகம்: எவ்வளவு ஆசை, எத்தனை முறை. மற்றது திசை: யார்மேல் ஆசை. வேகத்தைக் குறைக்க மருந்தோ கத்தியோ போதும். ஏற்றவும் வழி உண்டு. திசையைத் திருப்பும் கருவி மருத்துவத்திடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கீழே வருபவை பெரும்பாலும் வேகத்தில் கைவைத்துவிட்டுத் திசை மாறிவிட்டதாகக் கணக்கெழுதிய முறைகள்.

‘ஹோமோசெக்சுவல்’ என்ற சொல் 1869இல்தான் ஜெர்மன் மொழியில் அச்சேறியது. எழுதிய கார்ல் மரியா கெர்ட்பெனி மருத்துவர் அல்ல; பிரஷ்யாவின் தண்டனைச் சட்டத்தை எதிர்த்து எழுதியவர். அந்தச் சொல்லை மருத்துவர்கள் எடுத்துப் போய் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். 1886இல் மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங் பாலியல் ‘பிறழ்வுகளை’த் தொகுத்து வெளியிட்ட பிறகு அந்தப் பட்டியல் கெட்டிப்பட்டுவிட்டது. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவர்களில் பலர் தங்களை இரக்கமுள்ளவர்களாகவே கருதினார்கள். குற்றவாளிக்குச் சிறை, நோயாளிக்கு மருத்துவமனை. பின்னது மேல் அல்லவா என்பது அவர்கள் வாதம். அந்த மருத்துவமனைக்குள் என்ன நடந்தது என்பதுதான் மிச்சக் கதை.

முதலில் கையில் இருந்தது ஹிப்னாடிசம். 1889இல் பாரிஸில் நடந்த மாநாட்டில் ஆல்பர்ட் வான் ஷ்ரென்க்-நோட்சிங் என்ற ஜெர்மன் மருத்துவர் ஓர் ஆணைக் குணப்படுத்திவிட்டதாக அறிவித்தார். 45 முறை ஹிப்னாடிசம், கூடவே சில முறை விலைமாதர் இல்லத்துக்கு அனுப்பிவைத்தல். அவ்வளவுதான் வைத்தியம். ஒரு பெண்ணுடன் உறவு கொள்ள முடிந்துவிட்டால் குணம். இந்த அளவுகோலை மறந்துவிடாதீர்கள். அடுத்த முக்கால் நூற்றாண்டு இதையே வைத்துத்தான் அளந்தார்கள்.

பிறகு சுரப்பிகளின் காலம். வியன்னாவில் ஆய்கன் ஸ்டைனாக் எலிகளையும் கினிப்பன்றிகளையும் வைத்துச் சோதித்தார். ஆண் குட்டியின் விரையை எடுத்துவிட்டுச் சூலகத்தை ஒட்டவைத்தால் அது பெண் விலங்கைப் போல் நடந்துகொண்டது. அங்கிருந்து ஒரே தாவலில் மனிதனுக்கு வந்தார்: தன்பாலீர்ப்புள்ள ஆணின் விரையில் பெண்தன்மை தரும் செல்கள் இருக்க வேண்டும். நுண்ணோக்கியில் அவற்றைப் பார்த்ததாகவும் எழுதினார். மற்றவர்கள் தேடியபோது அவை அகப்படவில்லை.

1916இல் அறுவை மருத்துவர் ராபர்ட் லிக்டன்ஸ்டெர்ன் இதை மனிதர்களிடம் செய்யத் தொடங்கினார். நோயாளியின் ஒரு பக்க விரையை வெட்டி எடுப்பது. விதைப்பைக்குள் இறங்காமல் நின்றுபோனதால் வேறொரு ஆணிடமிருந்து அகற்றப்பட்ட விரையை அந்த உடலுக்குள் தைப்பது. 1921 வரை 11 பேருக்கு இப்படி நடந்தது. தைத்த திசு பிழைக்கவில்லை. வேற்று உடலின் திசுவை நம் எதிர்ப்பாற்றல் அழித்துவிடும் என்பதை அன்று யாரும் சரியாக அறிந்திருக்கவில்லை. ஆகவே முதல் சில வாரங்களில் ‘மாற்றம் தெரிகிறது’ என்று நோயாளி சொன்னது அவர் நம்பிக்கையின் பேச்சு. உள்ளே தைத்த துண்டு அதற்குள் செத்துக்கொண்டிருந்தது. கடைசியில் மிஞ்சியது ஒரு விரை குறைந்த மனிதன், அதே ஈர்ப்போடு. தன்பாலீர்ப்பாளர்களின் உரிமைக்காக வாழ்நாள் முழுக்கப் போராடிய மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டே ஆரம்பத்தில் இதை ஆதரித்தார். பிறவியிலேயே உடலில் இருக்கும் தன்மை என்று நிரூபித்துவிட்டால் தண்டனைச் சட்டம் விழுந்துவிடும் என்பது அவர் கணக்கு. பிறவித் தன்மை என்று ஒத்துக்கொண்ட பிறகும் அதை வெட்டி எடுக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இருப்பார்கள் என்பதை அந்தக் கணக்கு விட்டுவிட்டது.

நாஜி ஜெர்மனியில் சந்தேகத்துக்கே இடம் இல்லை. 1935இல் திருத்திய சட்டம் தன்பாலீர்ப்பாளர்களை அவர்கள் ‘சம்மதத்தோடு’ காயடிக்க அனுமதித்தது. சிறையில் இருப்பவனிடம் வாங்கும் சம்மதம் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. 1944இல் டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் வேர்னெட் என்ற மருத்துவர், நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹிம்லரின் ஆதரவோடு, புகென்வால்ட் வதைமுகாமில் கைதிகளின் அடிவயிற்றோரம் கீறி ஆண் ஹார்மோனைச் சிறிது சிறிதாகக் கசியவிடும் ‘செயற்கைச் சுரப்பி’யைப் புதைத்தார். போருக்குப் பிறகு பிடிபட்டும், இதயநோய் சிகிச்சை என்று சொல்லி ஸ்வீடன் போய், அங்கிருந்து அர்ஜென்டினாவுக்குத் தப்பினார். விசாரணைக் கூண்டில் ஏறாமலேயே 1965இல் இறந்தார்.

வேர்னெட் நம்பிய கொள்கையை 1940களில் அமெரிக்க மருத்துவர்களும் சாதாரண மருத்துவமனைகளில் சோதித்தார்கள்: ஆண்மை குறைவு, ஆகவே ஆண் ஹார்மோனை ஏற்றுவோம். ஏற்றினார்கள். ஆசை கூடியது, பழைய திசையிலேயே. பலருக்கு முன்பைவிடத் தவிப்பு அதிகமானது. வேகம் வேறு, திசை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடையாது. வாதம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மருத்துவம் மருந்தைத் தலைகீழாக்கியது: பெண் ஹார்மோனைக் கொடுத்து ஆசையையே அணைத்துவிடலாம்.

கணினி அறிவியலின் முன்னோடியான பிரிட்டன் கணிதவியலாளர் ஆலன் டூரிங் சிக்கியது இங்கேதான். 1952 மார்ச்சில், ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டித்த 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்மேல் குற்றம் உறுதியானது. சிறையா, 12 மாத நன்னடத்தைக் கண்காணிப்போடு ஹார்மோன் சிகிச்சையா என்று வந்தபோது அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். கொடுத்தது ஸ்டில்போஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன். அது வேலை செய்யும் விதம் எளிது. இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறினால், விரையைத் தூண்டும் சைகையை மூளையடிச் சுரப்பி நிறுத்திவிடும், ஆண் ஹார்மோன் விழும், ஆசையும் விறைப்பும் போகும், விரை சுருங்கும், மார்பு வளரும். டூரிங்குக்கும் மார்பு வளர்ந்தது. 1954 ஜூன் 7இல் இறந்தார். அரச மன்னிப்பு 2013இல் வந்தது. நீதிமன்றத்தின் பார்வையில் இந்த முறை ‘பலித்தது’ என்றே சொல்லலாம். ஆசை இல்லாதவன் குற்றம் செய்ய மாட்டான். மருத்துவத்தின் பார்வையில் இது இரசாயனக் காயடிப்பு. ஊசியை நிறுத்தினால் ஆசை திரும்பும், பழைய திசைக்கே.

மின்சாரம் என்றதும் பலர் இரண்டு வெவ்வேறு முறைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று 1938இல் ரோமில் தொடங்கிய மின்வலிப்புச் சிகிச்சை: தலையில் மின்சாரம் செலுத்தி வலிப்பை வரவழைப்பது. மயக்கமருந்து கொடுத்து முறையாகச் செய்தால் கடும் மனச்சோர்வுக்கு இன்றும் பயன்படுகிறது. ஈர்ப்பை மாற்றவும் அதைப் போட்டுப் பார்த்தார்கள். நினைவு மங்கியதே தவிர வேறில்லை. அதற்கும் முன்பு மெட்ரசால் என்ற மருந்தை ஊசியில் ஏற்றி வலிப்பு வரவைத்தார்கள். ஏற்றியதற்கும் வலிப்பு தொடங்குவதற்கும் நடுவே சில நொடிகள் மரணபயம் பிடித்து ஆட்டும்; வலிப்பின் வேகத்தில் முதுகெலும்பு நொறுங்குவதும் சாதாரணம். 1940இல் அட்லாண்டாவில் ஒரு மருத்துவர் இதைத் தன்பாலீர்ப்புக்கு மருந்தாக எழுதி வெளியிட்டார். மற்றொரு மின்சார முறை முற்றிலும் வேறு. அதில் வலிப்பு வரக் கூடாது, நினைவு தப்பக் கூடாது. விழித்திருக்கும் மனிதனுக்கு வலிக்க வேண்டும். அது வெறுப்பூட்டும் சிகிச்சையின் ஒரு வகை: ஈர்ப்போடு வலியையோ குமட்டலையோ முடிச்சுப்போட்டு வெறுப்பை வளர்ப்பது. முதலில் குமட்டல் வகை, பிறகு மின்சாரம். அங்கே கொஞ்சம் நிற்போம்.

பிரிட்டனின் மருத்துவ இதழ் ஒன்றில் 1962இல் வெளியான குறிப்பு இப்படிப் போகிறது. 40 வயது ஆண். இருட்டறை, தனியாக. உணவு கிடையாது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை வாந்தியைத் தூண்டும் அபோமார்ஃபின் ஊசி, உடனே சுமார் 57 மில்லி பிராந்தி. குமட்டல் தொடங்கும்போது ஆண்களின் படங்கள் ஒட்டிய அட்டைமேல் பளீரென வெளிச்சம். அவனுடைய ஈர்ப்பு எவ்வளவு கேவலமானது என்று பேசும் ஒலிநாடா. அதன் முடிவில் யாரோ வாந்தியெடுக்கும் சத்தம். 30 மணி நேரம் கழித்து, சிறுநீரில் பட்டினியின் அடையாளம் தெரிந்ததால் நிறுத்தினார்கள். இடைவெளி விட்டு மறுபடியும். பிறகு அறையில் பெண்களின் படங்கள், ஒரு பாடகியின் இசைத்தட்டு, ஆண் ஹார்மோன் ஊசி.

இது ஏன் வேலை செய்யாது? முதலாவது, நேரம். ஊசி போட்ட எத்தனையாவது நிமிடம் வாந்தி வரும் என்பது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். படமும் குமட்டலும் ஒரே கணத்தில் பொருந்த வேண்டும் என்பதுதான் இந்தக் கொள்கையின் உயிர். அது பொருந்தவே பொருந்தாது. இரண்டாவது, இந்த மருந்து அசத்தித் தூங்கவைக்கும். அசந்து கிடப்பவன் எதைக் கற்பான்? மூன்றாவது முக்கியமானது. குமட்டல் நாக்கோடும் மூக்கோடும் ஒட்டிக்கொள்ளும். கண்ணோடு ஒட்டுவது அரிது. ஏதோ ஒரு பண்டம் ஒருமுறை வயிற்றைக் கெடுத்துவிட்டால் அதன் வாடையே ஆண்டுக்கணக்கில் ஆகாது. அன்று சாப்பிட்ட தட்டைப் பார்த்து யாருக்கும் குமட்டுவதில்லை. ஜான் கார்சியா 1966இல் எலிகளிடம் இதை ஒழுங்காக நிரூபித்தார். ஆக, அந்த இருட்டறையிலிருந்து வெளியே வந்த மனிதனுக்குப் பிராந்தி பிடிக்காமல் போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஆபத்தும் உண்டு. பட்டினி, விடாத வாந்தி, நீரிழப்பு, மேலே சாராயம்: இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே முடிந்துவிடும். 1962இல் பிரிட்டனில் ஓர் இளம் ராணுவ அதிகாரி இந்தச் சிகிச்சையின்போது இறந்தார். இயற்கை மரணம் என்று எழுதப்பட்ட அந்தச் சாவின் உண்மைக் காரணம் வெளிவர 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

நேரச் சிக்கலைத் தீர்க்கத்தான் மின்சாரத்துக்கு மாறினார்கள். சொடுக்கினால் அந்தக் கணமே வலிக்கும். நியூயார்க்கில் 1935லேயே இதற்கு ஒரு முன்னோட்டம் நடந்திருந்தது. முழு வடிவம் கொடுத்தவர்கள் மான்செஸ்டரின் மெக்கல்லோக்கும் ஃபெல்ட்மேனும். 43 பேரின் முடிவுகளை 1967இல் வெளியிட்டார்கள். ஆண்களின் படங்களை ஈர்ப்பு குறைந்ததிலிருந்து கூடியதுவரை நோயாளியே வரிசைப்படுத்த வேண்டும். காலில் மின்வாய். திரையில் ஆண் படம் விழும். 8 நொடிக்குள் பொத்தானை அழுத்திப் படத்தை அகற்றிவிட்டால் தப்பித்தான், இல்லையென்றால் மின்னதிர்ச்சி. சில முறை பொத்தான் உடனே வேலை செய்யும், சில முறை தாமதமாக, சில முறை வேலையே செய்யாது. நிச்சயமில்லாத நிலையில் பதியும் பழக்கம் எளிதில் அழியாது என்பதால் வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். ஆண் படம் போனதும் பெண் படம் வரும். வலி நின்ற நிம்மதி அந்தப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு.

காகிதத்தில் கச்சிதமான அமைப்பு. ஆனால் மனிதன் எலி அல்ல. காலில் மின்வாய் இருக்கும்போதுதான் வலிக்கும், வீதியில் வலிக்காது என்பது அவனுக்குத் தெரியும். அவன் உண்மையில் கற்றுக்கொண்டது பொத்தானை விரைவாக அழுத்துவதை. சில இடங்களில் சிகிச்சையை வீட்டிலும் தொடரச் சொல்லிக் கையடக்க மின்பெட்டி கொடுத்து அனுப்பினார்கள். அறைக்கு வெளியே ஒட்டிக்கொண்டது வேறு: பயம், யாரையும் தொடத் தயக்கம், ஆண் பெண் என்ற பேதமில்லாமல் விறைப்பின்மை. மின்னதிர்ச்சி உட்பட ஈர்ப்பை மாற்றும் சிகிச்சைகளைப் பெற்ற 29 பேரைப் பிரிட்டன் ஆய்வாளர்கள் பின்னாளில் பேட்டி கண்டு 2004இல் வெளியிட்டார்கள். பலன் கண்டவராக யாரும் தேறவில்லை. தென்னாப்பிரிக்க ராணுவம் கட்டாயப் பணிக்கு வந்த இளைஞர்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்ததும் இதே வகைதான். அந்தப் பிரிவை நடத்திய ஆப்ரி லெவின் பிற்பாடு கனடாவில் குடியேறி, ஆண் நோயாளிகளைப் பாலியல் ரீதியாகத் தாக்கியதற்காக 2013இல் தண்டிக்கப்பட்டார். கதையில் எழுதினால் மிகை என்பார்கள்.

மூளையைத் தொட்டவர்களும் உண்டு. லோபாட்டமி என்ற மூளை அறுவையின் அலை அடித்தபோது மனநல மருத்துவமனைகளில் இருந்த தன்பாலீர்ப்பாளர்களும் அதில் சிக்கினார்கள். முன்மடலின் இணைப்புகளை வெட்டினால் மனிதன் மந்தமாவான், கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவான், அதையே குணம் என்று எழுதிக்கொள்ளலாம். மேற்கு ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ரோடர் 1962 முதல் செய்தது இன்னும் ‘நுட்பமானது’: மண்டையோட்டில் துளையிட்டு, மெல்லிய மின்முனையை மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ்வரை இறக்கி, அங்கே ஒரு சிறு பகுதியைச் சூட்டால் பொசுக்குவது. ஆணின் மூளைக்குள் ‘பெண் உறவு மையம்’ ஒன்று இருக்கிறது என்ற ஊகம்தான் அடிப்படை. அதுவும் எலி ஆராய்ச்சியிலிருந்து வந்தது. விடுதலை கிடைக்கும் என்று ஒத்துக்கொண்ட கைதிகளும் இதில் அடக்கம். ஆசை குறைந்தது, திசை மாறவில்லை. ஜெர்மன் பாலியல் ஆய்வாளர்களே எதிர்த்து எழுதி 1970களின் கடைசியில் இதை நிறுத்தவைத்தார்கள்.

அமெரிக்காவின் டுலேன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹீத் நேரெதிர் வழியில் போனார்: வலி வேண்டாம், இன்பம் கொடுப்போம். 24 வயது இளைஞன் ஒருவனின் மூளையில் இன்ப உணர்வைத் தூண்டும் பகுதியில் மின்முனைகளைப் பதித்து, பொத்தானை அவன் கையிலேயே கொடுத்தார். ஒரே அமர்வில், 3 மணி நேரத்தில், 1,500 முறை அழுத்தினான். பிறகு ஒரு விலைமாதுவை வரவழைத்தார்கள், உறவு நடந்தது, 1972இல் வெற்றி என்று வெளியிட்டார்கள். பின்தொடர்ந்து பார்த்தபோது ஆண்களுடனான உறவு நின்றிருக்கவில்லை. 1889இன் அளவுகோல் 83 ஆண்டுகள் கழித்தும் அப்படியே இருப்பதைக் கவனியுங்கள். கருவி மட்டும் மாறியிருந்தது.

பெண்களைப் பற்றி அச்சிட்ட மருத்துவக் குறிப்புகள் குறைவு. அதற்காகத் தப்பித்தார்கள் என்று பொருள் இல்லை. வலிப்பு மருந்தும் மின்வலிப்பும் அவர்களுக்கும் உண்டு. சட்டம் பெரும்பாலும் ஆண்களையே துரத்தியதால் நீதிமன்றப் பதிவு இல்லை. பெண்ணைத் துரத்தியது குடும்பம். அவளுக்கு எழுதிக்கொடுத்த மருந்து பல நேரம் கல்யாணம்தான், அதற்கு மருத்துவமனைச் சீட்டு கிடையாது.

இனி மூன்றாம் கேள்வி: பலிக்காதது எப்படி ஓடியது? எண்ணும் முறையில் இருக்கிறது விடை. 1962இல் அமெரிக்க மனநல மருத்துவர் இர்விங் பீபர் 106 ஆண்களின் உளப்பகுப்பாய்வை வைத்து 27 சதவீதம் பேர் மாறிவிட்டார்கள் என்று எழுதினார். இத்தகைய எண்களைப் பிரித்தால் உள்ளே வழக்கமாக அகப்படுபவை இவை: முதலிலேயே இருபாலரிடமும் ஈர்ப்பு இருந்தவர்கள் ‘மாறியவர்கள்’ கணக்கில் ஏறுவார்கள், பாதியில் ஓடியவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள், ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத குழு இருக்காது, சில மாதங்களுக்குப் பிறகு யாரும் பின்தொடர மாட்டார்கள், மாறினாயா என்று கேட்பவரும் சிகிச்சை கொடுத்தவரே. மறுபடி அந்த அறைக்குப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் நோயாளி என்ன சொல்வான்? 

இதை உள்ளிருந்தே கண்டுகொண்டவர் செக்கோஸ்லோவாக்கியாவின் மருத்துவர் குர்ட் ஃபிராய்ண்ட். 1950களில் வாந்தி மருந்து முறையைத் தானே பெரிய அளவில் செய்து பார்த்தவர். ராணுவச் சேவையைத் தட்டிக்கழிக்கப் பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிக்க, ஆணுறுப்பில் இரத்த ஓட்டம் கூடுவதை அளக்கும் கருவியையும் அவர் உருவாக்கியிருந்தார். வாய் ‘மாறிவிட்டேன்’ என்றது; கருவி இல்லை என்றது. தன் முறை பலிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டு, தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்க வாதாடினார். அந்த நாடு 1961இல் எடுத்தது. தன் சிகிச்சை சிலரைத் திருமணத்துக்குள் தள்ளியதையும் அந்தத் திருமணங்கள் தாங்க முடியாதவையாக முடிந்ததையும் 1977இல் அவரே எழுதினார். சிகிச்சை பெற்றவரைத் தாண்டி ஒரு மனைவியும் இதில் பாதிக்கப்பட்டாள் என்பதைப் பேசிய மருத்துவர்கள் சொற்பம்.

நோய் என்ற அடித்தளத்தை முதலில் அசைத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர். 1957இல் 30 தன்பாலீர்ப்பு ஆண்கள், 30 பிறர் என்று வயது, கல்வி பொருத்தி எடுத்து, உளவியல் சோதனை முடிவுகளை அடையாளம் மறைத்து வல்லுநர்களிடம் கொடுத்தார். எது யாருடையது என்று அவர்களால் பிரிக்க முடியவில்லை. அதற்குமுன் ஆய்வுகள் சிறையிலும் மருத்துவமனையிலும் இருந்தவர்களையே பார்த்திருந்தன. ஹூக்கர் சாதாரணமாக வாழ்கிறவர்களைப் பார்த்தார், அவ்வளவுதான் வித்தியாசம். 1972இல் டல்லஸ் மாநாட்டில் ஜான் ஃபிரையர் என்ற மனநல மருத்துவர் முகமூடி போட்டு, ஒலிவாங்கியில் குரலை மாற்றி, தானும் தன்பாலீர்ப்பாளன்தான் என்று பேசினார். 1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. எதிர்த்தவர்கள் உறுப்பினர் வாக்கெடுப்பு கேட்டார்கள்; 1974இல் 5,854க்கு 3,810 என்று நீக்கம் நின்றது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17இல் நீக்கியது. இந்தியாவில் 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் ஈர்ப்பை மாற்றுவதாகச் சிகிச்சை கொடுப்பதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. ஆகவே இன்று ஒரு மருத்துவர் இத்தனை அமர்வில் மாற்றித் தருகிறேன் என்றால், எழுந்து வரலாம், புகாரும் கொடுக்கலாம்.

கத்தியும் மின்சாரமும் போன பின்பும் பேசியே ஈர்ப்பை மாற்றப் பார்க்கும் முறை நீடித்தது, அமெரிக்காவில் மத அமைப்புகளின் துணையோடு. அதற்குக் கிடைத்த பெரிய சான்றிதழ் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1973இல் அந்த நீக்கத்தை முன்னின்று நடத்திய ராபர்ட் ஸ்பிட்ஸரே, மாறிவிட்டதாகச் சொன்ன 200 பேரைத் தொலைபேசியில் பேட்டி கண்டு, சிலர் மாறக்கூடும் என்று 2003இல் எழுதினார். அவர்களில் பலர் அத்தகைய அமைப்புகளே அனுப்பிவைத்தவர்கள். 2012இல், 80 வயதை எட்டும் நேரத்தில், அவர் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். அவர் சொன்ன காரணம்: அவர்கள் சொன்னது உண்மையா என்று சரிபார்க்கத் தன்னிடம் எந்த வழியும் இருக்கவில்லை.